எங்கள் சின்ன மலையும் சட்டை கழற்றிய அப்பாவும்

1

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. மலை என்று சொல்வது இந்த ஜப்பானிய ஊர்க்காரர்கள். போனக்காட்டு மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன எனக்கு இதை மலை என்று ஒப்புக்கொள்ளவே ஒரு வருஷம் ஆயிற்று. திருவனந்தபுரத்தில் இருந்திருந்தால் ஆட்டோக்காரர் ‘ஒரு செறிய கயற்றம்’, சின்ன ஏற்றம், என்று சொல்லிவிட்டு கியரை மாற்றிக்கொண்டு போயிருப்பார். கீழிருந்து உச்சிக்கு நூற்றுச் சொச்சம் கல்படிகள். மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்குள் உச்சி வந்துவிடும்.

ஆனால் இந்தத் துறைமுக ஊரில் எங்கள் பேட்டைக்கு எல்லாமே அந்த மலைதான். வழி சொல்வதென்றால் ‘மலைக்குத் தோஃபுக் கடைப் பக்கம்’, ‘மலைக்கு ரயில் கேட் பக்கம்’ என்றுதான் சொல்வார்கள். அடிவாரத்தில் சிவப்பு மர வாசல். அதன் ஓரத்தில் தோஃபு எனும் சோயாக் கட்டி விற்கும் கடையும் ஒரு சலூனும். பாதிப் படியில் கல்லால் ஆன இரண்டாம் வாசல், அதன் இருபுறமும் இரண்டு கல் நாய்கள். ஒன்று வாயைத் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். உச்சியில் நம் வீட்டுப் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிய கோயில், ஒரு கற்பூர மரம், தண்ணீர்த் தொட்டி. படியோரத்தில் ஒரு நீலப் பலகை, சுனாமி வந்தால் இதற்கு மேலே ஏறிக்கொள் என்று சொல்லும்.

திருவனந்தபுரத்தில் எங்கள் ஸ்ரீவராகத்திலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் புல்லட் ரயிலைப் பற்றியும் பூகம்பத்தைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக நானும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் அந்த இரண்டாம் வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். வெட்கக்கேடு. இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

2

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பேட்டைச் சங்கத்தின் அறிவிப்புகளை ஒரு அட்டையில் செருகி வீடு வீடாக அனுப்புவார்கள். படித்துவிட்டு நம் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எதற்கும் கையெழுத்து போதாது, முத்திரை வேண்டும். நான் வந்த புதிதில் என் பெயரை அவர்கள் எழுத்தில் செதுக்க முடியாமல் கடைக்காரர் படாத பாடு பட்டார். கடைசியில் ‘மணி’ என்று இரண்டே எழுத்தில் செதுக்கிக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாக இந்த நாட்டில் நான் அந்தக் கட்டை விரல் அளவு மரத்துண்டுதான்.

போன மாதம் வந்த அட்டையில் இப்படி இருந்தது: மலையடிவாரத்தில் பழைய வழிகாட்டிப் பலகை உளுத்துவிட்டது. புதிய பலகைக்கு ஆரம்பப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மலையையும் சுற்றியுள்ள இடங்களையும் வரைகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம்.

என் மகள் மீனா மூன்றாம் வகுப்பு. அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் வாசல்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். கல் வாசல் இருந்தது. நாய்கள் இருந்தன. நடுவில் ஒரு மனிதர் நின்றார். இடுப்பில் வெள்ளை வேஷ்டி, மேலே ஒன்றுமில்லை. நெஞ்சில் நரைமுடிக்குச் சாம்பல் கலரில் பத்துப் பன்னிரண்டு கீறல், தோளிலிருந்து குறுக்கே ஒரு நூல், கூப்பிய கை.

“இது யார்?” என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

“தாத்தா” என்றாள். பிறகு ஜப்பானிய மொழியில், “இந்த இடத்தில்தானே நின்றார்?” என்றாள். மீனாவின் தமிழ் இப்போது உறவுப் பெயர்களிலும் சாப்பாட்டுப் பெயர்களிலும் வந்து நிற்கிறது. மீதியெல்லாம் இந்த ஊர்ப் பேச்சு. அதை நான் இங்கே எழுத்துத் தமிழில் தருகிறேன்.

“சட்டை போட்டு வரைந்தால் என்ன?”

“போட்டிருக்கவில்லையே” என்றாள்.

3

நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதத்தில். அம்மாவுக்கு முட்டிவலி, விமானத்தில் அத்தனை நேரம் உட்கார முடியாதென்று அப்பா மட்டும் வந்திருந்தார். சர்க்கார் ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். விமான நிலையத்தில் குடியேற்றப் படிவத்தை மூன்று முறை படித்துவிட்டு, “ஃபார்ம் நன்னா டிராஃப்ட் பண்ணிருக்கா” என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

வந்த நான்காம் நாள் காலை, மலையில் கோயில் இருக்கிறதென்று மீனா சொல்லிவிட்டாள். உடனே குளித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். உள்ளே தெர்மல் பேன்ட், அதன் மேல் வேஷ்டி, சட்டை, ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லாய். அன்றைக்குப் பார்த்து பேட்டைச் சங்கத்தின் படி பெருக்கும் நாள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலிருந்தும் ஒருவர் வர வேண்டும். நானும் துடைப்பத்தோடு அங்கேதான் இருந்தேன். ஆறு மாதம் முன்புதான் அந்தப் பேட்டையில் வீடு வாங்கியிருந்தோம். அதற்கு முன் இரண்டு இடத்தில் வெளிநாட்டுக்காரனுக்கு வீடில்லை என்று நயமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் என் ஒரே லட்சியம். குப்பையை யாரைவிடவும் ஒழுங்காகப் பிரிப்பேன். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வேன்.

அப்பா மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். இரண்டாம் வாசலில் நின்று துறைமுகத்தைப் பார்த்தார்.

“அங்கே பார்த்தியோடா, கிரேன். நம்ம விழிஞ்ஞம் ஹார்பர்லயும் இப்படித்தான் வச்சிண்டிருக்கா” என்றார். பிறகு குல்லாயைக் கழற்றினார், மஃப்ளரைக் கழற்றினார். நான் நாலு படி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்க்கிறது போல என்று நினைத்தேன். ஸ்வெட்டரைக் கழற்றி மீனாவிடம் கொடுத்தார். சட்டைப் பொத்தானில் கை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நம் ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. கோயில் வாசல் என்றால் ஆண்களின் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போய்விடும். நானும் இருபத்தைந்து வயது வரை அப்படித்தான் போனேன். நான் இறங்கி வருவதற்குள் அவர் வெற்று மார்போடு, மயிர்க்கூச்செறிந்து, கைகூப்பி நின்றுவிட்டார். பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிறுத்திவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

“அப்பா, என்ன இது? சட்டையைப் போடுங்கோ.”

“சட்டையோட உள்ளே எப்படிடா கேறறது? சுவாமி கோவிலாக்கும்.”

“இங்கே அந்த வழக்கமெல்லாம் இல்லை. எல்லாரும் பார்க்கறா. மானம் போறது.”

என் குரல் உயர்ந்துவிட்டது. அப்போது சங்கத்தின் செயலாளர் மொரிதா-சான் (சான் என்பது நம் ‘சார்’ மாதிரி) கீழிருந்து வந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். தோஃபுக் கடைக்கு அடுத்த வீடு. பேட்டையில் யார் வீட்டில் யார் என்பது அவருக்கு மனப்பாடம். “இவர் யார்? உங்கள் வீட்டுக்கு வந்திருப்பவரா?” என்று அக்கறையோடுதான் கேட்டார்.

நான் அவர்கள் மொழியில் சொன்னேன். “இல்லை, அறிமுகமானவர். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார். பழக்கம் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி இடுப்பு வரை வளைந்து வணங்கினேன்.

பெற்ற அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். அந்த நிமிஷத்தில் அவர் எனக்கு வேண்டாதவராக இருந்தார். அவ்வளவுதான் உண்மை.

அப்பா ஸ்வெட்டரை உள்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டார். மொரிதா-சான் பெருக்க வந்தவர்களுக்கு வைத்திருந்த பிளாஸ்க்கிலிருந்து காகிதக் கோப்பையில் தேநீர் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினார். அப்பா அந்தப் படியில் நின்றபடியே குடித்தார். மேலே போகவில்லை. அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

4

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தார். மலைப் பக்கம் போகவில்லை. பால்கனியில் நாற்காலி போட்டு ரயில் கேட் மூடித் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மலைக்கு வரேளா?” என்று ஒருமுறை கேட்டேன். “குளிராக்கும்டா” என்றார். நானும் குளிர் என்றே எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு வருஷா வருஷம் வரச் சொல்லி டிக்கெட் போடுகிறேன் என்பேன். ஒரு வருஷம் வீட்டு வரி, ஒரு வருஷம் அம்மாவின் முட்டி, ஒரு வருஷம் மாடியில் ஒழுகல். வீடியோ போனில் பேச்சு மழை, தேங்காய் விலை, மீனாவின் மார்க் என்று ஓடும். பேசும்போது நான் என்னை அறியாமல் இந்த ஊர்க்காரர்கள் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி ‘ஹை, ஹை’, ஆமாம் ஆமாம், என்பேன். “அங்கே யாருக்குடா கும்பிடறே?” என்று அம்மா சிரிப்பாள். அப்பா சிரித்ததாக ஞாபகம் இல்லை.

5

படம் வந்த மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பலகையில் அடையாளம் தெரியும்படி யாரையாவது வரைந்திருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். பெயர், முகவரி, மாணவியின் பெற்றோருக்கு அவர் என்ன உறவு, கையெழுத்து அல்லது முத்திரை. ஓரத்தில் மீனா வரைந்ததைச் சின்னதாக நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். எல்லாப் படிவங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் பொறுப்பு சங்கத்தின் செயலாளருக்கு. அதாவது மொரிதா-சானுக்கு.

நான் அதை மேஜை டிராயரில் மின்சார பில்களுக்கு அடியில் வைத்தேன். உறவு என்ற கட்டத்தில் அப்பா என்று எழுதினால் மொரிதா-சானிடம் நான் பொய்யனாவேன். வேறென்ன எழுதுவது? கொடுக்காமல் விட்டுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. படத்தை எடுத்துவிடுவார்கள், அப்பாவுக்குத் தெரியப் போவதுமில்லை. இப்படி நாலு நாள் போனது.

ஐந்தாம் நாள் மீனா கேட்டாள். “படிவம் எங்கே?”

“தாத்தா தூரத்தில் இருக்கிறார். சிரமம். அவர் இல்லாமல் வரைந்துவிடேன்.”

“படிவம் இல்லையென்றால் டீச்சர் மேலே வெள்ளைத் தாள் ஒட்டிவிடுவார். தாத்தா நிற்கும் இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்பது போலத்தான் சொன்னாள். டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

6

ஸ்ரீவராகத்துக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார்.

“மீனா ஒரு படம் வரைஞ்சிருக்கா. அதுல நீங்க இருக்கேள். ஸ்கூல்ல உங்க ஒப்பு கேக்கறா, ஒரு ஃபார்ம்ல கையெழுத்து.”

“என்ன படம்?”

“அந்த மலை. நீங்க… சட்டை கழட்டின அன்னிக்கு.”

“ஓ” என்றார். “ஃபார்மை அனுப்பு. யாருக்குப் போறதாக்கும் அது?”

“மொரிதா-சானுக்கு. அன்னிக்கு டீ கொடுத்தாரே, அவர்தான்.”

“சரி, அனுப்பு.”

கட்டங்களுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதி அனுப்பினேன். அப்பா கிழக்கேகோட்டைக் கடையில் பிரின்ட் எடுத்து, நீல மையில் நிரப்பி, ஸ்கேன் செய்து மறுநாளே அனுப்பிவிட்டார். இங்கேயும் ஸ்கேன் பிரதி போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பெயர் சரி, முகவரி பின்கோடு வரை சரி, கையெழுத்து அந்தப் பழைய ஆபீஸ் கையெழுத்து. உறவு என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக எழுதியிருந்தார்: அறிமுகமானவர்.

நானும் பிரின்ட் எடுத்து அந்தக் கட்டத்தை இன்னொரு முறை படித்தேன். பிறகு போன் செய்தேன்.

“அப்பா, இது என்ன எழுதியிருக்கேள்?”

“எது? உறவா? நீ அன்னிக்கு அவர்ட்ட அப்படித்தானேடா சொன்னே?”

“உங்களுக்கு யார் சொன்னா?”

“மீனாதான். அன்னிக்கு சாயங்காலமே கேட்டா. தாத்தா, நீ அப்பாவுக்கு வெறும் தெரிஞ்சவரான்னு.”

“நீங்க என்ன சொன்னேள்?”

“ஆமா, ரொம்ப நாளா தெரியும்னேன்.”

அவர் பாட்டுக்குப் பேசினார். குரலில் குத்தல் இல்லை. ஆபீஸ் ஃபைலைப் பற்றிப் பேசுகிற குரல்.

“ஃபார்ம் அதே ஆள்ட்டயாக்கும் போறது. அங்கே ஒண்ணு சொல்லி, எழுத்துல வேறொண்ணு வந்தா? நாளைக்கு உன் விசா பேப்பர்ல ஏதாவது கொளறுபடி வந்துடப்படாது பாரு. ரெக்கார்டுல ரெண்டு விதமா இருக்கப்படாது.”

முப்பது வருஷம் மற்றவர்கள் ஃபைலில் முரண்பாடு தேடிப் பிடித்தவர், தன் மகனுடைய பொய்க்குப் பொருந்துகிற மாதிரி தன் உறவை மாற்றி எழுதியிருக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அதை வெட்டிட்டு அப்பான்னு எழுதி மறுபடியும் அனுப்புங்கோ” என்றேன்.

“வெட்டினா பக்கத்துல ஒப்பு வேணும்டா.”

“போட்டு அனுப்புங்கோ.”

“நான் எதுக்குப் போடணும்? எழுதினது நானாக்கும், சொன்னது நீயாக்கும். தப்பு யாரோடதோ அவா ஒப்பு. எங்க ஆபீஸ்ல அப்படித்தான்” என்று சொல்லி, குக்கர் சத்தம் போடுகிறது, அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று போனை வைத்துவிட்டார்.

7

இங்கேயும் அதே விதிதான். தவறான வார்த்தையின் மேல் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்து, அதன்மேல் முத்திரை குத்த வேண்டும். தவறு என்னவென்று கீழே படிக்கத் தெரிய வேண்டும், அடித்து மறைக்கக் கூடாது. கோடு இழுத்தேன். மேலே ‘அப்பா’ என்று அவர்கள் எழுத்தில் எழுதினேன். பக்கத்தில் என் முத்திரையைக் குத்தினேன். அட்டையை அடுத்த வீட்டில் வைப்பது போல இதையும் மொரிதா-சான் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மீனா கூட வருகிறேன் என்று ஷூ போட்டுக்கொண்டு நின்றதால் அந்த யோசனை அதோடு போயிற்று.

மொரிதா-சான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலிலேயே படித்தார். இரண்டு கோட்டின் மேல் அவர் விரல் நின்றது.

“அன்று நான் உங்களிடம் பொய் சொன்னேன்” என்றேன். “அவர் என் அப்பா. எங்கள் ஊரில் கோயிலுக்குள் அப்படித்தான் போவார்கள். அவர் செய்தது மரியாதை. நான் வெட்கப்பட்டுவிட்டேன்.”

இந்த ஐந்து வாக்கியத்தை வீட்டில் ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்திருந்தேன். அப்படியும் வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னேன். மீனா சன்னமாகத் திருத்தினாள். திருத்தியதையும் திருப்பிச் சொன்னேன்.

மொரிதா-சான் என்னைக் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “அப்பாவா?” என்றார். “தெரிந்திருந்தால் வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்திருப்பேனே. அத்தனை தூரத்திலிருந்து வந்த பெரியவரைப் படியில் நிற்க வைத்து, காகிதக் கோப்பையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். தயவுசெய்து அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.” சொல்லிவிட்டுத் தலை குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அவர் நிமிர்ந்த பிறகும் என்னால் நிமிர முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரில் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். மொரிதா-சான் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அவர் எதுக்குடா மன்னிப்பு கேக்கணும்? அந்தக் குளிர்ல கையில சூடா ஒண்ணு கொடுத்தது அந்த மனுஷன் ஒருத்தர்தானே” என்றார் அப்பா.

அதற்கு மேல் ஒளிந்துகொள்ள இடமில்லை.

“அவர் கேக்க வேண்டாம்ப்பா. நான் கேக்கணும். அன்னிக்கே கேட்டிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்.”

அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கனைப்பு.

“மீனா இருக்காளா பக்கத்துல?”

“இருக்கா.”

“ஃபார்ம்ல அந்தப் படம் பார்த்தேன். நாய் நன்னா வந்திருக்கு. பூணூலை மட்டும் வலது தோள்ல போட்டிருக்கா. அது அப்பா போனப்புறம் திதி பண்றவன் போட்டுக்கறது. அதை நீ பின்னாடி போட்டுக்கலாம், அவசரம் இல்லை. எனக்கு இப்போ இடது தோள்ல வரையச் சொல்லு.”

அவர் சொன்னதை மீனாவுக்கு அவள் மொழியில் சொல்ல ஆரம்பித்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தாத்தா இடது தோள் என்றதை அவள் தமிழிலேயே புரிந்துகொண்டிருந்தாள். பள்ளிப் பையைத் திறந்து ரப்பரை எடுத்தாள்.